"என்ன குடிச்சீங்க?": முண்டியம்பாக்கத்திலிருந்து செவிலியர் அறம் பற்றி ஒரு குறிப்பு

சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவை இடுப்பு எலும்பு முறிவுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அட்மிஷன் போடும்போது ஒருவர் ஃபாரத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "குடிப்பழக்கம் இருக்கா?" பெரியப்பாவைச் சுற்றி மகள், மருமகன், பேரன், நான். "அதெல்லாம் இல்லீங்க" என்றார். வேறென்ன சொல்வார்? ஃபாரத்தில் 'இல்லை' என்று டிக் விழுந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. காய்ச்சலோ, புண்ணில் சீழோ என்று நாங்கள் பயந்தோம். நைட் டியூட்டி சிஸ்டர் வந்து பார்த்தார். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். கதவோரம் நின்ற எனக்குக் காதில் விழுந்தது.

"பெரியவரே, சாயங்காலத்துல எவ்ளோ எடுத்துப்பீங்க? குவாட்டரா, ஆஃபா?"

"குவாட்டர்தாம்மா. சில நாள் கூட ஆவும்."

"கடைசியா எப்போ?"

"விழறதுக்கு முந்தின நாள்."

அவர் உடனே டாக்டருக்குப் போன் செய்தார். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அதற்கான மருந்து ஏற்றினார்கள். பெரியப்பா பிழைத்தார்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே விஷயத்தைத்தான். முதல் கேள்வியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தது, கேட்டது குடும்பத்தார் முன்னால். இரண்டாவது கேள்வி, 'குடிப்பது சகஜம்தான், அளவை மட்டும் சொல்லுங்க' என்ற தொனியில், திரைக்குள் வந்தது. நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு 'செவிலியர் அறம்' என்ற தலைப்பில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் படிப்பு கடைசியில் என்னை எங்கள் பக்கத்து ஊருக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனை

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது முண்டியம்பாக்கம். ரயில் நிலையம் உண்டு, சர்க்கரை ஆலை உண்டு. 2010-ல் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இங்கே வந்தது. அதற்கு முன் பெரிய கேஸ் என்றால் பாண்டிச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் சென்னை என்றுதான் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஓடுவார்கள். இப்போது திண்டிவனம், செஞ்சி, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஆட்கள் "முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று சொன்னாலே, கேஸ் கொஞ்சம் பெரிசு என்று அர்த்தம்.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இந்த மருத்துவமனையின் பெயர் நாடு முழுக்கச் செய்திகளில் வந்தது. 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் பலர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். முதலமைச்சர் முண்டியம்பாக்கம் வந்து சிகிச்சையில் இருந்தவர்களைப் பார்த்தார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களைக் கள்ளக்குறிச்சி, சேலம், ஜிப்மர், முண்டியம்பாக்கம் என்று பிரித்துச் சேர்த்தார்கள். இரண்டு இடத்திலும் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

செய்திகளில் அமைச்சர்கள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள், சாராய வியாபாரிகளின் படங்கள் வந்தன. அந்த வார்டில் ராத்திரியெல்லாம் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டும், மூத்திரம் எவ்வளவு போனது என்று எழுதிக்கொண்டும் இருந்த செவிலியர்களைப் பற்றி அதிகம் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் செவிலியர் அறம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் இதைவிடக் கறாராகச் சோதிக்கும் சந்தர்ப்பம் வேறு இருக்காது என்று நினைக்கிறேன். எப்படி என்று சொல்ல, மெத்தனால் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

சாதாரண சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. வாசனையிலோ நிறத்திலோ குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மெத்தனால் அந்த வடிவத்திலேயே பெரிய விஷம் இல்லை. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. இந்த ஃபார்மிக் அமிலம்தான் கொல்லும். செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் வேலையை அது முடக்குகிறது. ரத்தம் அமிலமாகிறது. கண் நரம்பு முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. பார்வை மங்கும், பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போலிருக்கும், பிறகு இருட்டு.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தொடங்கும். கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். ஏனென்றால் அந்த நொதி எத்தனாலைத்தான் அதிகம் விரும்பிப் பிடிக்கும். எத்தனால் தீரும்வரை மெத்தனால் வரிசையில் காத்திருக்கும்.

சிகிச்சையும் இதே வரிசை தந்திரம்தான். ஃபோமெபிசோல் என்ற மருந்து கொடுத்து நொதியை அடைக்கலாம். அது கைவசம் இல்லாவிட்டால், அளந்து எத்தனாலையே கொடுக்கலாம். அமிலத்தைச் சமன்படுத்தச் சோடியம் பைகார்பனேட், ஃபார்மிக் அமிலத்தை உடம்பு சீக்கிரம் கழிக்க ஃபோலினிக் அமிலம், முற்றிய கேஸுக்கு டயாலிசிஸ். இவை எல்லாமே சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன். ஃபார்மிக் அமிலம் கண் நரம்பைக் கெடுத்த பிறகு நொதியை அடைத்து என்ன பிரயோஜனம்?

ஆக, ஒருவர் வயிற்றுவலி, வாந்தி என்று வருகிறார். அவர் கள்ளச்சாராயம் குடித்தார் என்று தெரிந்தால் சிகிச்சை ஒரு பாதை. தெரியாவிட்டால் வயிற்றுப்போக்கு, அல்சர் என்று வேறு பாதை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கேள்விக்கான உண்மையான பதில்.

நோயாளி ஏன் பொய் சொல்கிறார்

அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பார்ப்போம். குடித்தது சட்டவிரோதச் சரக்கு. விற்றவர் ஊர்க்காரர், செல்வாக்குள்ளவராகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் 'ஏ.ஆர். எண்ட்ரி' போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். பக்கத்தில் மனைவி அழுதுகொண்டு நிற்கிறார். நேற்றுத்தான் "இனிமே தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்திருப்பார். இந்த நிலையில் யாராவது "குடிச்சிட்டு வந்தியா? குடிக்காம இருக்க முடியாதா உங்களுக்கெல்லாம்?" என்று ஆரம்பித்தால், "ஒண்ணும் குடிக்கலங்க, நேத்து ராத்திரி கறி ஒத்துக்கல" என்றுதான் பதில் வரும்.

'நோயாளியை மதிப்பிடாதே, எல்லோரையும் சமமாக நடத்து' என்று செவிலியர் அறத்தில் சொல்வதை இதுநாள்வரை நான் ஒரு நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன். பூக்கடைக்காரர் சிரித்துப் பேசுவது மாதிரி, இருந்தால் நல்லது. மெத்தனால் கணக்கைப் பார்த்த பிறகு புரிகிறது: அது ஒரு பரிசோதனைக் கருவி. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே வேலை செய்யும் கருவி. நோயாளி வெட்கப்படாமல் பேசும்படி கேட்கத் தெரிந்த ஒரு சிஸ்டர், சில மணி நேரங்களை மிச்சப்படுத்துகிறார். மெத்தனால் விஷயத்தில் அந்த மணி நேரங்கள்தான் கண்ணும் உயிரும்.

இந்த இடத்தில் வெளியே நடந்த விவாதத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சம்பவத்திலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசாதவர் இல்லை. என் ஆபீஸ் குரூப்பிலும் ஓடியது. அரசின் பணம் பற்றி அப்படி விவாதிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே எண்ணத்தோடு ஒரு செவிலியர் கட்டிலருகே போக முடியாது. ஊர் முழுக்க ஒரு தீர்ப்பைப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, ஒருவேளை வீட்டில் குடிகார அப்பாவால் அடிபட்டும் வளர்ந்த ஒரு பெண், வார்டு வாசலில் அந்தத் தீர்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் இந்த விஷயம் எவ்வளவு பெரிய வேலை!

யாருக்கு விசுவாசம்?

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை கொஞ்சம் சுவாரசியமானது.

'செவிலி' நம் பழைய சொல். சங்கப் பாடல்களில் செவிலித்தாய் என்றால் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். நோய்க்கும் அவளுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. வளர்ப்பும் கவனிப்பும்தான் அவள் வேலை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குத் திருக்குறளில் வேறு சொல் இருக்கிறது: உழைச்செல்வான். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். சரக சம்ஹிதையிலும் இதே நான்கு உண்டு. அதில் கவனிப்பவருக்கு வேண்டிய குணங்கள்: பணியறிவு, கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. நான்காவது ஆளைத் தனிப் பங்காக எண்ணிய மரபு நம்முடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் நவீன நர்சிங் வேறு வழியாக வந்தது. இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நான்கு மாணவிகளோடு தொடங்கியது. அந்தக் காலத்தில் செவிலியரின் முதல் குணம் கீழ்ப்படிதல். 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு நர்சிங் பள்ளிக்காக எழுதப்பட்ட உறுதிமொழியைத்தான் இன்றும் நம் கல்லூரிகளில் விளக்கேற்றி வாசிக்கிறார்கள். 'நைட்டிங்கேல் உறுதிமொழி' என்று பெயர். ஆனால் எழுதியவர் நைட்டிங்கேல் இல்லை, லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான ஒரு குழு. மருத்துவருக்கு விசுவாசமாக உதவுவது அதில் ஒரு முக்கியமான வாக்கு.

உலகச் செவிலியர் அமைப்பு 1953-ல் முதல் அறநெறிக் கோவையை ஏற்றபோதும் மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றும் கடமை அதில் இருந்தது. அறமற்ற செயலில் பங்கேற்க மறுக்கும் கடமையும் கூடவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1973-ல் திருத்தியபோதுதான் பெரிய மாற்றம் வந்தது: செவிலியரின் முதல் பொறுப்பு, கவனிப்பு தேவைப்படும் மனிதர்களிடம். அதற்குப் பிறகு பலமுறை திருத்தினார்கள், கடைசியாக 2021-ல். அந்த மையம் மாறவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிகளும் இதே வழியில்தான் போகின்றன: தனிமனிதரின் கண்ணியம், சாதி மத பேதமில்லாமை, ரகசியம் காத்தல், திறமையான பராமரிப்பு.

விசுவாசம் இருபது வருடத்தில் மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு இடம் மாறியது, காகிதத்தில். வார்டில் இன்னும் முழுசாக மாறியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. டாக்டர் எழுதிய டோஸ் தப்பென்று தெரிந்தால், "சார், இதை ஒருமுறை பாருங்க" என்று சொல்லும் இடமும் தைரியமும் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு இருக்க வேண்டும். எத்தனால் ஏற்றும் சிகிச்சையில் டோஸ் தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மை சொல்வதன் எல்லை

ரகசியம் காப்பது என்றதும் ஒரு சிக்கல் வருகிறது. விஷம் சம்பந்தப்பட்ட கேஸ் என்பதால் மருத்துவமனை பதிவு செய்தே ஆக வேண்டும். "சொல்லுங்கண்ணே, யாருக்கும் தெரியாது, போலீஸுக்கெல்லாம் போகாது" என்று ஒரு சிஸ்டர் சொல்லி உண்மையை வாங்கலாமா?

எனக்குத் தோன்றுவது, கூடாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அரை மணி நேரத்தில் போலீஸ்காரர் கட்டிலருகே வந்து நின்றால், அந்த ஒருவர் மட்டுமில்லை, வார்டில் இருக்கும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த ஊரிலிருந்து வரவேண்டியவர் வராமலே வீட்டில் படுத்துக்கொள்வார். ஒரு பொய் ஒருவரிடம் வேலை செய்து, அதற்குப் பிறகு வரும் எல்லோரிடமும் தோற்றுப்போகும்.

சொல்லக்கூடிய உண்மை ஒன்று இருக்கிறது: "பதிவு பண்றது ரூல்ஸ், அதை நான் தடுக்க முடியாது. ஆனா நான் கேக்கறது வைத்தியத்துக்கு. என்ன குடிச்சீங்க, எப்போ குடிச்சீங்கன்னு சொன்னாதான் கண்ணைக் காப்பாத்த முடியும். கூட யாரெல்லாம் குடிச்சாங்க? அவங்களையும் இப்பவே வரச் சொல்லணும்." கடைசிக் கேள்வி முக்கியம். அறிகுறி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்தான் காப்பாற்ற மிகச் சுலபமானவர்.

குடும்பத்திடமும் இதே நேர்மை வேண்டும். சாராயம் குடித்துச் சாகக் கிடக்கும் கணவனுக்கு மூக்குக் குழாய் வழியாக மறுபடியும் எத்தனால் கொடுக்கிறார்கள் என்று ஒரு மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? அரைகுறையாகத் தெரிந்தால் வார்டில் கலவரமே வரும். "இது மருந்து. கெட்ட சரக்கு விஷமா மாறாம இது தடுத்து வெச்சிருக்கும், அதுக்குள்ள டயாலிசிஸ் பண்ணிக் கழிச்சிடலாம்" என்று இரண்டு வரியில் சொல்லலாம். அந்த இரண்டு வரியும் சிகிச்சையின் ஒரு பாகம்.

வெட்கம் மூன்று மாடியில்

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால், பிரச்சினை தீர்ந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதுவோம். அந்தக் கூட்டத்தில் 'யார் செய்தது' என்று கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்; லாக்கை அழித்துவிட்டு "தானாகவே சரியாயிடுச்சு" என்பார்கள். இந்த வழக்கம் விமானத் துறையும் மருத்துவமும் பாதுகாப்பு பற்றிக் கற்ற பாடங்களோடு ஒட்டியது.

மெத்தனால் கதையை இந்தக் கண்ணால் பார்த்தால், வெட்கமும் பயமும் மூன்று மாடியில் உண்மையை மறைப்பது தெரிகிறது.

கீழ் மாடியில் நோயாளி. குடித்ததைச் சொல்லமாட்டார்.

நடு மாடியில் செவிலியர். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மருந்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். சொன்னால் மெமோ, இடமாற்றம், ஒப்பந்தப் பணியாளர் என்றால் வேலையே போகலாம். சொல்லாவிட்டால் நோயாளிக்கு மாற்று சிகிச்சை கிடைக்காது. உடனே சொல்ல வேண்டும் என்பது அறம். சொன்னவரைத் தண்டிக்கும் முறையை வைத்துக்கொண்டு அந்த அறத்தை அவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மேல் மாடியில் நிர்வாகம். கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகள் நடந்தபோது, கள்ளச்சாராயம்தான் காரணம் என்பது அதிகாரத் தரப்பில் முதலில் மறுக்கப்பட்டது. சீக்கிரமே உண்மை வெளியே வந்தது, ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஆனால் ஃபார்மிக் அமிலத்தின் கடிகாரத்துக்கு அறிவிப்புகள் தெரியாது. 'சாராயச் சாவு இல்லை' என்ற ஒவ்வொரு மணி நேரமும், வீட்டில் லேசான தலைவலியோடு இருந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாத மணி நேரம்.

ஐம்பத்து மூன்று நிமிடம்

இவ்வளவு நேரம் செவிலியரிடம் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று பேசினேன். அதற்கு அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் நானும் வாட்ஸ்அப் குரூப் ஆள்தான்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர். மூன்று ஷிஃப்ட் என்பதால் ஒரு ஷிஃப்டில் 9 படுக்கைக்கு ஒருவர். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். ஒன்பதால் வகுத்தால் ஒரு நோயாளிக்கு 53 நிமிடம். அதில்தான் மருந்து, ஊசி, ட்ரிப்ஸ், படுக்கை, கேஸ் ஷீட், டியூட்டி மாற்றிக் கொடுப்பது, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம். இது அளவுகோலை முழுசாகக் கடைப்பிடித்தால். எந்த அரசு மருத்துவமனை வார்டிலாவது ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்று, படுக்கைகளையும் தரையில் பாய் போட்டிருப்பவர்களையும் எண்ணிவிட்டு, வெள்ளைக் கோட்டு போட்ட சிஸ்டர்களையும் எண்ணிப் பாருங்கள். மீதிக் கணக்கு உங்களுக்கே வரும்.

தீவிர சிகிச்சைக்கு ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் வேண்டும். மெத்தனால் முற்றிய 30 பேர் ஒரே ராத்திரியில் வந்தால், ஒரு ஷிஃப்டுக்கே 30 பயிற்சி பெற்ற செவிலியர்கள். டயாலிசிஸ் மெஷினும் வென்டிலேட்டரும் எண்ணிக்கைக்குள்தான் இருக்கும். யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும்போது 'யார் நல்லவர்' என்பது அளவுகோலாக இருக்கக் கூடாது. யாருக்கு அவசரம், யாருக்குப் பலன் என்பதுதான். கள்ளச்சாராயம் குடித்தவரும் நெடுஞ்சாலையில் அடிபட்ட கல்லூரிப் பையனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1984-ல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவ ஆசிரியர் நர்சிங் அறம் பற்றிய தன் புத்தகத்தில் ஒரு கருத்தை அறிமுகப்படுத்தினார். தமிழில் 'அறத் தவிப்பு' என்று சொல்லலாம். எது சரி என்று செவிலியருக்குத் தெளிவாகத் தெரியும்; ஆனால் அமைப்பு அதைச் செய்யவிடாது. குழப்பம் வேறு, தவிப்பு வேறு. குழப்பத்துக்கு அற வகுப்பு எடுக்கலாம். தவிப்புக்கு ஆள் போட வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டுக் கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் அரசுப் பணிக்கு வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். "நோயாளியை விட்டுட்டு நர்ஸ் போராடலாமா?" என்ற கேள்வி அப்போது எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியின் மறுபக்கத்தை நாம் கேட்கவில்லை: 7,700 ரூபாய்க்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அவரிடம் கண்ணியம், பொறுமை, துல்லியம் எல்லாம் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் புத்தி சொல்லவே கூடாதா?

இதைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். "மதிப்பிடாதேன்னா, குடிக்கறதைக் கண்டுக்காதன்னு அர்த்தமா?" இல்லை. எப்போது சொல்வது என்பதுதான் விஷயம். மூச்சிரைத்துக்கொண்டு கிடப்பவரிடம் சொல்லும் புத்தி, சொல்பவரின் கோபத்தைத் தணிக்க மட்டும்தான் உதவும். பிழைத்து, பார்வை பாதி போய், வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஒருவர் கேட்கும் மனநிலையில் இருப்பார். அன்றைக்குப் போதை மீட்பு சிகிச்சை பற்றி, மனநலப் பிரிவு பற்றி, கண் பரிசோதனைக்கு மறுபடி வர வேண்டிய தேதி பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவும் வேண்டும். பெரும்பாலும் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கூட இருக்கும் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, நோயாளி பற்றிய சங்கடமான உண்மையை நாமே சிஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம். குடி, புகையிலை, நாட்டு மருந்து, தற்கொலை முயற்சி, எதுவானாலும். குடும்ப மானம் கருதி மறைப்பது நோயாளிக்குத்தான் ஆபத்து. அவர் ஏதாவது கேட்க வரும்போது, சொல்லாமலே நாலு பேர் வெளியே போய் நிற்கலாம்.

எங்களுக்கு அது அன்று தெரியவில்லை. பெரியப்பா குடிப்பார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபாரத்தில் 'இல்லை' என்று டிக் விழுந்தபோது நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று அந்த நைட் சிஸ்டருக்கு நன்றி சொல்லலாம் என்று தேடினேன். டியூட்டி மாறிப் போயிருந்தார். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.